ட்வீட் நீதிமன்றக் கட்டடம், நியூயார்க்: ஒரு பார்வையாளரின் மதிப்பீடு

மன்ஹாட்டனின் சேம்பர்ஸ் தெருவில் உள்ள ட்வீட் நீதிமன்றக் கட்டடத்தை, முன்பதிவு செய்தவர்களுக்குக் கட்டணமின்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். கட்டடக் கலைக்காகச் செல்பவர்களுக்கும் இது ஏமாற்றம் தராது. ஆனால் வில்லியம் ட்வீட் என்ற உள்ளூர் அரசியல்வாதியின் வரலாற்றைப் படித்துவிட்டுச் சென்றால், ஒவ்வொரு சுவரும் வேறு விதமாகத் தெரியும்.

நாற்காலி செய்பவரின் மகனாக 1823இல் பிறந்த ட்வீட், தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவராகத் தன் வட்டாரத்தில் பெயர் பெற்று, 1851இல் மாநகர மன்றத்துக்குத் தேர்வானார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தும், அவருடைய உண்மையான பலம் வாஷிங்டனில் இருந்து வரவில்லை. 1858இல் கிடைத்த கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மேற்பார்வையாளர் பதவியும், டாமனி ஹால் என்ற நியூயார்க் ஜனநாயகக் கட்சி அமைப்பின் தலைமையும்தான், ஒப்பந்தங்களையும் வேலைவாய்ப்புகளையும் அவர் கையில் கொடுத்தன.

1861இல் தொடங்கிய இந்தக் கட்டடத்துக்கு இறுதியில் ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவானது. 1867இல் அலாஸ்கா முழுவதையும் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு வாங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தொகையின் அளவு புரியும். ஒப்பந்தக்காரர்கள் தொகையைப் பன்மடங்கு உயர்த்திய பில்களைக் கொடுத்தார்கள். கூடுதல் பணத்தில் பெரும்பகுதி ட்வீட்டுக்கும் கூட்டாளிகளுக்கும் திரும்பியது. சலவைக்கல்லைக்கூட மாசசூசெட்ஸில் அவருக்குப் பங்கிருந்த குவாரியிலிருந்தே வாங்கினார்கள். அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தபோது, நகர மக்களின் வரிப்பணம் அதில் எவ்வளவு என்று நினைத்து எனக்கு மனம் கனத்தது.

உள்ளே மிகவும் கவர்ந்தது எண்கோண மைய மண்டபம். முதல் கட்டடக் கலைஞர் கெல்லம் 1871இல் இறந்த பிறகு, வேலையைத் தொடர்ந்த எய்ட்லிட்ஸ் பல நிறச் செங்கல் வளைவுகளால் அதை அமைத்தார். கெல்லத்தின் வார்ப்பிரும்புப் படிகளும் இந்த வளைவுகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று சிலர் கருதலாம், எனக்கு அந்த முரண்பாடே பிடித்தது. தெருவை அகலப்படுத்த 1942இல் அகற்றிய முகப்புப் படிக்கட்டையும் புதுப்பிப்பின்போது மீண்டும் கட்டியிருக்கிறார்கள்.

நியூயார்க் டைம்ஸ் 1871இல் கணக்கேடுகளை வெளியிட்டதும், தாமஸ் நாஸ்டின் கேலிச்சித்திரங்களும் ட்வீட்டை வீழ்த்தின. 1873இல், அப்போதும் கட்டி முடியாமலிருந்த இதே கட்டடத்தில்தான் அவர் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். பின்னர் ஸ்பெயினுக்குத் தப்பிச் சென்று பிடிபட்டு, 1878இல் லட்லோ தெருச் சிறையில் இறந்தார். நேரமிருப்பவர்கள் அன்றே புரூக்ளினுக்குச் சென்று, கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவருடைய கல்லறையையும் பார்த்துவிட்டு வரலாம்.