முட்டைக்குள் இதயத்துடிப்பைக் காட்டும் அகச்சிவப்புக் கருவி: ஒரு மதிப்பீடு

முட்டையைச் சிறிய பெட்டிக்குள் வைத்து மூடினால், உள்ளே வளரும் கருவின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை எண்ணாகவும் அலைக்கோடாகவும் திரையில் காட்டும் கருவி இது. கோழி, காடை முட்டைகளுக்கு இதைத் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்ததில், கருவியில் பெரிய குறை எதுவும் இல்லை. உடன் வரும் கையேடுதான் வாங்குபவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது.

ஓட்டின் வழியே செலுத்தப்படும் அகச்சிவப்பு ஒளியை இரத்தம் உறிஞ்சும் அளவு ஒவ்வொரு துடிப்பிலும் மாறுவதைக் கருவி அளக்கிறது. விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இந்த அடிப்படையில்தான் நாடியைக் கணக்கிடுகிறது. கோழிக் கருவின் இதயம் அடைவைத்த இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடும் என்றாலும், ஐந்தாம் நாள் வாக்கில்தான் திரையில் நம்பத்தக்க அலை தெரிகிறது. அதன்பின் பல நாட்களுக்கு அலை மிகத் தெளிவாக இருக்கிறது. கரு காலை உதைத்தாலோ உடலைத் திருப்பினாலோ கோடு திரையின் விளிம்புவரை துள்ளுகிறது; எண் மறைந்து, அசைவு அடங்கிய பிறகே மீண்டும் வருகிறது. இது கோளாறு அன்று. உயிர் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கையேடு எல்லா நாட்களுக்கும் ஒரே ‘இயல்பான’ வரம்பைக் கொடுத்துவிட்டு, துடிப்பு குறைந்தால் கரு நலிந்துவருவதாகக் கொள்ளச் சொல்கிறது. 21 நாள் அடைகாப்பில் கோழிக் கருவின் துடிப்பு படிப்படியாக உயர்ந்து, இரண்டாம் வார இறுதியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 280 என்ற உச்சத்தைத் தொட்டு, 17, 18ஆம் நாட்களில் 260ஐ ஒட்டி இறங்குவது இயல்பான போக்கு. கரு பெருத்துவிட்ட அந்தக் கட்டத்தில் ஓட்டின் நுண்துளைகள் வழியே வரும் ஆக்சிஜன் அதே வேகத்தில் கூடுவதில்லை. இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் நரம்புக் கட்டுப்பாடும் அதற்குள் செயல்படத் தொடங்கியிருக்கும். பொரித்த உடனே ஓடியாடும் குஞ்சுகளைத் தரும் பறவைகளில்தான் இந்த இறக்கம் காணப்படுகிறது. கிளி போல, கண் திறக்காமல் பிறக்கும் குஞ்சுகளுடைய இனங்களில் துடிப்பு பொரிக்கும் காலம்வரை கூடிக்கொண்டே போகும் போக்குதான் மிகுதி. கையேட்டை அப்படியே பின்பற்றுபவர் நல்ல கோழி முட்டையைக் கூமுட்டை என்று ஒதுக்கிவிடக்கூடும்.

வெப்பநிலையைப் பற்றியும் கையேட்டில் ஒரு சொல் இல்லை. இன்குபேட்டரிலிருந்து எடுத்த முட்டையைக் கருவிக்குள் வெகுநேரம் விட்டால், ஓடு ஆற ஆற எண்ணும் இறங்கிக்கொண்டே போகிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் துடிப்பு ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், இந்த இறக்கத்தை நோயின் அறிகுறி என்று கொள்ள முடியாது. ஓரிரு நிமிடங்களில் அளவெடுத்துத் திருப்பி வைப்பதும், பிற முட்டைகளோடு ஒப்பிடாமல் அதே முட்டையின் முந்தைய நாள் எண்ணோடு ஒப்பிடுவதும்தான் பயன் தரும் முறை.

கரு காற்றறைக்குள் அலகை நுழைத்து நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கியதும் அளவீடு கடினமாகிறது. மூச்சும் அசைவும் அலையோடு கலந்துவிடுகின்றன. இதயமும் அப்போது சீராக இருப்பதில்லை, திடீரென வேகமெடுத்து மறுபடி தணிகிறது. ஓட்டில் விரிசல் விழுந்த பிறகு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாகிறது. இந்த நேரத்தில் எண்ணை விட்டுவிட்டு, அலை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் போதும். குஞ்சுக்குக் கைகொடுத்து ஓட்டை உடைக்கலாமா என்ற முடிவை இந்த எண்ணை நம்பி எடுக்கக் கூடாது.

வெள்ளை ஓட்டுக் கோழி முட்டைகளை மட்டும் அடைவைப்பவருக்கு நல்ல டார்ச் விளக்கே போதுமானது. இந்தக் கருவி அவருக்கு வீண் செலவு. விளக்கொளி ஊடுருவாத தடித்த, கருநிற ஓடுள்ள முட்டைகளையும், ஒன்று போனால் மற்றொன்று கிடைக்காத இனங்களையும் வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். ஆனால் மேசை அதிர்ந்தால் உயிரற்ற முட்டையிலும் துடிப்பு போன்ற ஓர் அலை தோன்றுவதால், கரு கட்டாத முட்டை ஒன்றை முதலில் வைத்துப் பார்த்து, திரையில் தட்டையான கோடு வருகிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே மற்றவற்றை அளக்க வேண்டும்.