ரப்பர் வளையம் வைத்த லூர் பெட்டி: நீண்ட நாள் பழகிய பிறகு

லூர், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரை, வைக்கிற இந்தப் பெட்டிக்கு விலை குறைத்திருக்கிறார்கள், எடுக்கலாமா என்று தூண்டில் நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. துருப்பிடித்த ட்ரெபிள் ஹூக்குகளை, அதாவது மூன்று முனைக் கொக்கிகளை, ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிக்கொண்டிருந்தேன். கட்டைவிரலில் ஒன்று ஏறியும் இருந்தது. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். நடுவில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதிரிப் பெட்டி என்று விளக்க வேண்டியதில்லை. மூடி ஓரம் முழுக்க ரப்பர் வளையம், சுற்றிலும் அழுத்திப் பூட்டும் கொண்டிகள், உள்ளே கழற்றி மாற்றும் தடுப்புகள், மூடிமேல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று கொட்டை எழுத்து. ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் இதே அச்சில் ஒன்று போட்டு விற்கிறது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். படகிலிருந்து ஒருமுறை நழுவி விழுந்தது, மூழ்காமல் மிதந்தது, எடுத்துத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. கீல் இன்னும் ஆட்டம் காணவில்லை. கொண்டி ஒன்றுகூட உடையவில்லை. மூடி மங்காததால், திறக்காமலே எந்த அறையில் எந்த மினோ (சின்ன மீன் வடிவ லூர்) கிடக்கிறது என்று தெரிகிறது. தடுப்புகள் கச்சிதமாக உட்காருகின்றன. மெல்லிய ஸ்பூன் (தகட்டு லூர்) அடியில் நழுவிப் பக்கத்து அறைக்குப் போகிற கதையெல்லாம் இதில் இல்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். வெளித் தண்ணீரை உள்ளே விடாத அந்த வளையம், உள்ளே போன தண்ணீரை வெளியே விடுவதும் இல்லை.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று கேட்பவர்கள் தவளை வடிவ ஃப்ராக் லூர் போடாதவர்களாக இருக்க வேண்டும். ஃப்ராக்கின் உடம்பு உள்ளே வெற்று. ஹூக் நுழைகிற ஓட்டை வழியாக, இழுக்க இழுக்கத் தண்ணீர் குடிக்கும். பிழிந்துவிட்டுத்தான் மறுபடி வீசுகிறோம், பிழிந்துவிட்டுத்தான் பெட்டியிலும் வைக்கிறோம். நன்றாகப் பிழிந்த ஃப்ராக்கைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள், இன்னொரு மடக்கு வரும். கால்களாகத் தொங்குகிற சிலிக்கான் இழைகளுக்கு நடுவிலும் ஈரம் தங்கும். கெட்டி உடம்புள்ள ஹார்ட் லூரை உதறி எடுத்தாலும், ட்ரெபிளின் மூன்று கம்பிகளும் சேர்த்துப் பற்றவைத்த இடத்திலும், ஹூக்கை லூரில் மாட்டும் ஸ்ப்ளிட் ரிங் இரண்டு சுற்றாக ஒட்டிப் படிந்த இடுக்கிலும் நீர் நிற்கும். துணியால் துடைத்தால் போகாது. மீன் அடித்துக்கொண்டிருக்கும்போது லூர் மாற்றுகிறவன் அதையெல்லாம் காயவைத்துக்கொண்டு நிற்பானா? கழற்றுவான், அறையில் போடுவான், மூடுவான்.

பெட்டி வெயிலில் சுடும். ஈரம் ஆவியாகும், போக வழி இருக்காது. பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் அந்த ஆவி மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, எல்லா அறைக்கும் சமமாகச் சொட்டும். ஈரத் துணியை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டியது போலத்தான். ஈரமாகப் போனது ஒன்று, துருப்பிடித்தது பத்து.

எனக்குக் கோபம் வந்தது ஒரு வெள்ளை பாப்பரால், நீர்மேல் சத்தமிட்டு இழுபடுகிற லூர் அது. உறையிலிருந்து பிரித்து நேராக அறையில் வைத்தது. ஒரு வீச்சுகூடப் பார்க்காதது. எடுத்துப் பார்த்தால், வயிற்றில் ஹூக் சாய்ந்து கிடந்த இடத்தில் அதே வளைவில், அதே அளவில், செம்பழுப்பாக ஒரு பிறை. நகத்தால் சுரண்டினேன், பற்பசை போட்டுத் தேய்த்தேன். மேல் தூசு போயிற்று. கறை பெயின்ட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தது. ஸ்ப்ளிட் ரிங்கில் ஒன்றும் இல்லை, அது ஸ்டெயின்லெஸ். ட்ரெபிள் கார்பன் எஃகு. மேலே இருப்பது மெல்லிய முலாம்தான். முனையைக் கூராக்கிய இடத்திலோ கண்ணியிலோ அது தேய்ந்திருந்தால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். அதோடு, ஈரம் இருக்கும்போது ஸ்டெயின்லெஸ்ஸும் கார்பன் எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால் கார்பன் எஃகுதான் வேகமாக அரித்துப்போகும். லூரில் அவை இரண்டும் தொடாமல் இருக்க வழியே இல்லை.

கடலில் போடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். உப்பு வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு அந்தக் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். காய்ந்துபோன லூர் என்று நம்பி வைப்பீர்கள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவு இருக்கும். பக்கத்து அறையில் ஒரு ஈர ஃப்ராக் இருக்கும். மூடிய பெட்டிக்குள் 75 என்பது பெரிய உயரமே இல்லை. நல்ல தண்ணீரில் அலசுவது அழுக்குக்காக இல்லை, இந்த உப்பைக் கழற்றத்தான். குழாயடியில் ஒரு தடவை காட்டி எடுத்தால் போதாது. வாளியில் முக்கி ஆட்டி, ரிங் இடுக்கைக் கையால் திருப்பிவிட்டு, மறுபடி ஒரு முக்கு.

என் பழைய மலிவுப் பெட்டியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூடி சரியாகப் பொருந்தாது, ஒரு மூலை உடைந்து போயிருக்கிறது, மழை பெய்தால் குளம். அதில் கிடக்கிற ட்ரெபிள்கள் இன்னும் மினுமினுக்கின்றன. காற்று புகுகிறது, காய்கிறது, அவ்வளவுதான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வளையத்தின் மேல் ஆத்திரம் வரும்.

சிலிக்கா ஜெல் போட வேண்டியதுதானே என்பார்கள். போட்டேன். நல்ல ஈரக் காற்றில் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீரைப் பிடிக்கும். 5 கிராம் பொட்டலம் என்றால் 2 கிராம்கூட இல்லை. ஒரு ஃப்ராக் வயிற்றில் அதைவிட அதிகமாக இருக்கும். காற்றில் மிதக்கிற ஈரத்துக்குத்தான் சிலிக்கா ஜெல். சொட்டுகிற தண்ணீருக்கு இல்லை. நீல மணி ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும், அடுத்த நாள் முதல் அது பெட்டிக்குள் வெறும் பாரம்.

துரு தடுக்கும் வி.சி.ஐ. வில்லைகள் பற்றி மட்டும் பெட்டியின் பக்கம் பேசியாக வேண்டும். அவை மெதுவாக ஆவியாகி உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காக்கின்றன. அதற்கு மூடிய இடம் வேண்டும். ஓட்டைப் பெட்டியில் போட்டால் ஆவி ஊருக்குப் போய்விடும். வளையம் வைத்த பெட்டியில் நிற்கும். மாற்று ட்ரெபிள், ஜிக் ஹெட், ஸ்விவல் மாதிரி தண்ணீரே படாத உதிரிகளை இந்தப் பெட்டியில் ஒரு வில்லையோடு வைத்தால் அப்படியே இருக்கின்றன. ஆனால் உப்புப் படிந்த ஹூக்கையும், ஏற்கெனவே துரு பூத்ததையும் அது மீட்காது.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. சாஃப்ட் பிளாஸ்டிக் லூர்களை இந்தப் பெட்டி தாங்குகிறது. இதன் அருமை, ஒரு பெட்டியை அவற்றுக்குப் பறிகொடுத்தவர்களுக்குத் தெரியும். சாதாரண சாஃப்ட் லூர் என்பது பி.வி.சி.யில் மென்மையாக்கும் எண்ணெய் சேர்த்துச் செய்வது. அந்த எண்ணெய் மெதுவாகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பெட்டியை இளக்கிவிடும்; தடுப்பு கூழாகி, புழு வடிவ லூரும் தடுப்பும் ஒரே பொருளாகியிருக்கும். ஹார்ட் லூரின் பெயின்ட்டும் அப்படித்தான் கொப்புளித்துக் கழன்று வரும். இந்தப் பெட்டி பாலிப்ராப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும், பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன். அதில் சாஃப்ட் லூர் வைக்காதீர்கள். இத்தனை நாளில் என் பெட்டியில் ஓர் அறைகூட வளையவில்லை, பிசுபிசுக்கவில்லை. இருந்தாலும் நான் அவற்றை வந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். கறுப்பும் வெள்ளையும் ஒட்டிக் கிடந்தால் வெள்ளை சாம்பலாகிவிடும். ‘பத்து மடங்கு உழைக்கும்’ என்று விற்கிற, நன்றாக இழுபடுகிற டி.பி.ஈ. என்ற வேறு பிளாஸ்டிக் ரகத்தை பி.வி.சி.யோடு கலந்தால் இரண்டுமே உருகிப் போகும்; அதற்கு எந்தப் பெட்டியும் பொறுப்பில்லை. வால் மடங்கிப்போன ஷாடை (மீன் வடிவ சாஃப்ட் லூரை) மட்டும் தூக்கிப் போட வேண்டாம். சுடுதண்ணீரில் சில நொடி பிடித்து, நேராக்கி, குளிர்ந்த நீரில் போட்டால் பழையபடி ஆடும்.

பால்சா மரத்தில் செய்த மினோக்களுக்கோ இந்தப் பெட்டி பகை. பல்லுள்ள மீன் கடித்த தடத்தில் மேல்பூச்சு விரிந்திருந்தால், உள்ளே சுற்றும் ஆவி மரத்துக்குள் இறங்கி, மரம் உப்பி, விரிசல் நீளும். 1930களில் பின்லாந்தில் லௌரி ரபாலா தக்கையில் முதல் லூர்களைச் செதுக்கியபோது, நீர் புகாமல் இருக்க போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசினார் என்பார்கள். அவ்வளவு மெனக்கெட்டது அந்த மேல்பூச்சுக்காகத்தான். நமக்கு அந்தப் பாடு இல்லை. நன்றாகக் காயவைத்து, கடித்த தடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட் போட்டால் போதும்.

இப்போது என் வழக்கம் இதுதான். பயன்படுத்திய லூர் பெட்டிக்குள் திரும்பப் போவதே இல்லை. வலைப்பையில் தொங்கும். வீட்டுக்கு வந்து அலசி, துணியில் ஒற்றி, இரவு முழுக்க மின்விசிறிக் காற்றில். வெயிலில் போடுவதில்லை; உள்ளே வெற்றான ஹார்ட் லூரின் உள்காற்று சூட்டில் விரிந்து ஒட்டிய இடத்தைப் பிளந்துவிடும். ஃப்ராக்கை வால் கீழே இருக்கும்படி நிறுத்திவைத்தால் வயிற்று நீர் ஓட்டை வழியே இறங்கும். பெட்டியும் அன்றிரவு வாய் திறந்தே கிடக்கும். மூடி வைக்கவென்று காசு கொடுத்து வாங்கிய பெட்டி!

லேசாகத் துரு பூத்த ட்ரெபிளை வினிகரில் ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசித் துடைத்தால் மேல் துரு போய்விடும். ஆனால் முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் கொத்தி நின்றால் வைத்துக்கொள்ளலாம், வழுக்கினால் கழற்றுங்கள். மாற்றும்போது அதே அளவு, அதே கனம். நடுநீரில் நிற்கிற சஸ்பெண்டிங் மினோவுக்குக் கனமான ட்ரெபிள் போட்டால் அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வளையத்தையே உருவிப் பார்த்தேன். கொண்டிகள் தொளதொளத்துப் போயின. அவற்றின் இறுக்கமே வளையம் எதிர்த்துத் தள்ளுவதால்தான் வருகிறது. மறுபடி பொருத்தி, கீல் பக்கத்து இரண்டு மூலையிலும் விரல் அகலத்துக்கு மட்டும் வளையத்தை வெட்டி எடுத்தேன். இப்போது இறுக்கமாகவும் பூட்டுகிறது, காற்றும் போகிறது, மூடியடியில் முத்துக் கோப்பதும் நின்றுவிட்டது. தண்ணீரில் விழுந்தால் மூழ்கும்.

நண்பருக்கு ‘வேண்டாம்’ என்றே சொல்லிவிட்டேன். கீல் நன்று, கொண்டி நன்று, பிளாஸ்டிக் மிக நன்று; ஆனால் அவர்கள் காசு கேட்பது வளையத்துக்கு, அதைத்தான் நான் வெட்டி எறிந்தேன். அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடு என்றார். கொடுக்கமாட்டேன்.