பெண்களே பயிற்சி தரும் ஓட்டுநர் பள்ளி: மார்த்தாண்டம் பகுதியிலிருந்து ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் விளவங்கோடு, திருவட்டாறு வட்டங்களில், கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் பழக வேண்டியது ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னோக்கி உருளவிடாமல் மீண்டும் எடுப்பதைத்தான். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து ஏறும் ஒடுக்கமான சாலைகளும், திருப்பத்தில் சட்டென்று எதிர்ப்படும் மினி பஸ்ஸும், இரண்டு பருவமழைகளும் பெய்வதால் பல மாதங்கள் ஈரமாகவே கிடக்கும் தாரும், கேரளத்தை நோக்கிப் பாறைப்பொடியும் ஜல்லியும் ஏற்றிச் செல்லும், டாரஸ் எனப்படும் கனரக லாரிகளும் புதிதாக ஓட்டுபவரை எளிதில் கலங்கடித்துவிடும். இந்த நிலத்தை நன்றாக அறிந்து, அதற்கேற்பச் சொல்லித் தரும் பள்ளிதான் இங்கே பயன்படும். மார்த்தாண்டத்திலிருந்து திருவட்டாறு செல்லும் சாலையை ஒட்டி, பெண்கள் மட்டுமே பயிற்சியளிக்கும் அத்தகைய பள்ளி ஒன்று இருக்கிறது. நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் அங்கே பயின்று உரிமம் பெற்றோம். இந்த மதிப்பீடு விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் பள்ளியின் பெயரை எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் எந்தக் கடையில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள்.

பள்ளியை நடத்துபவர் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி. பயில வரும் இளம்பெண்கள் அவரை ‘டீச்சர்’ என்றும், என் வயதுள்ளவர்கள் ‘அக்கா’ என்றும் அழைக்கிறார்கள். அவரிடம் பயின்று, பிறகு அவரிடமே பணியில் சேர்ந்த இரண்டு பெண்கள் உதவிப் பயிற்றுநர்களாக இருக்கிறார்கள். ஓட்டுநர் பள்ளியில் பயிற்றுநராவதற்கு உரிமம் ஒன்று மட்டும் போதாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், ஐந்து ஆண்டு ஓட்டிய அனுபவமும், மோட்டார் மெக்கானிக் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. நம் வீடுகளில் உரிமம் எடுத்த பெண்களில் பலருக்கு அந்த உரிமம் பீரோவிலேயே தங்கிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், ஐந்து ஆண்டு தொடர்ந்து வண்டி ஓட்டிய பெண்ணைக் கண்டுபிடிப்பதே எவ்வளவு கடினம் என்பது விளங்கும். உதவிப் பயிற்றுநர்கள் இருவரையும் டீச்சர்தான் அந்த ஐந்து ஆண்டுகளிலும் பள்ளியின் சொந்த வேலைகளுக்காக வண்டி எடுக்க வைத்து, சான்றிதழ்ப் படிப்புக்கும் அனுப்பி, பயிற்றுநர்களாக ஆக்கியிருக்கிறார்.

இத்துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, அவர் தயங்காமல் சொன்ன பெயர் வசந்தகுமாரி. ஆசியாவின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று அறியப்படும் வசந்தகுமாரி நம் மாவட்டத்துக்காரர் என்பது இன்றைய மாணவிகளில் பலருக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வயதில், ஏற்கெனவே நான்கு பெண் குழந்தைகளுக்குத் தந்தையான ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, பின்னர் தமக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளையும் சேர்த்து வளர்க்க வேண்டிய நிலையில் அவர் கனரக வாகனம் ஓட்டக் கற்றுக்கொண்டார். அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 1989-இல் கொண்டுவந்தபின், ஓட்டுநர் பணியையும் பெண் கேட்கலாம் என்று விண்ணப்பித்து, தேர்வுகளைக் கடந்து, 1993-இல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பணி நியமனம் பெற்றார். 2017-இல் ஓய்வு பெறும்வரை பேருந்து ஓட்டினார். நாகர்கோவில் – திருவனந்தபுரம் தடத்திலும் அவர் ஓட்டியிருக்கிறார். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசல் மிகுந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டிய சாலை அது. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வருவதற்கு முந்தைய காலத்தில் அந்தச் சந்தையின் நடுவே பேருந்தை ஓட்டிச் செல்வது எத்தகைய வேலை என்பதை இங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

டீச்சர் கல்லூரி மாணவியாக இருந்தபோது, வசந்தகுமாரி ஓட்டிய பேருந்தில் ஏறிப் பயணம் செய்திருக்கிறார். ‘மேடையில் ஏறி அவங்க ஒண்ணும் பேசல. ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். ஆனா பஸ்ஸுல இருந்த பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியிலத் தெரிஞ்ச அந்த முகத்தையே பாத்துட்டு வந்தோம்’ என்று அவர் சொன்னார். இளைய தலைமுறைக்கு முன்மாதிரி வேண்டும் என்று பள்ளி ஆண்டுவிழாக்களில் நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்த முன்மாதிரி தினந்தோறும் கண்ணில் படும் தொலைவில் இருந்து, தன் வேலையைச் செம்மையாகச் செய்தாலே போதும் என்று நான் நம்புகிறேன். இந்தப் பள்ளியை நான் மதிப்பதற்கு முதற்காரணமும் அதுவே: இங்கே பயிலும் பெண் தன் எதிர்காலத்தின் ஒரு வடிவத்தைப் பக்கத்து இருக்கையிலேயே காண்கிறாள்.

இனி, பயிற்சியின் தரத்தைப் பற்றி. பயிற்றுநரின் காலடியிலும் கிளட்ச்சும் பிரேக்கும் பொருத்தப்பட்ட ஒரு காரும், கியர் இல்லாத ஸ்கூட்டர்களும் பள்ளியில் இருக்கின்றன. தொடக்க வகுப்புகளில் வண்டியைக் கிளப்புவதே இல்லை. இருக்கையை உயரத்துக்கேற்ப நகர்த்துவது, முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி கிளட்ச்சை முழுவதும் மிதிக்க முடிகிறதா என்று பார்ப்பது, மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்வது ஆகியவற்றை மீண்டும் மீண்டும் செய்ய வைக்கிறார்கள். பெரும்பாலான கார்களின் இருக்கை கடைசியாக ஓட்டிய ஆணின் உயரத்துக்கு வைக்கப்பட்டிருக்கும் என்பதையும், அதை மாற்றத் தயங்கி எக்கி எக்கி ஓட்டுவதாலேயே பல பெண்களுக்குக் கட்டுப்பாடு கைவருவதில்லை என்பதையும் டீச்சர் விளக்கியது எனக்குப் புதிய செய்தி. இதற்கு முன் வேறொரு பள்ளியில் நான் சேர்ந்து பாதியில் விட்டபோது, எவரும் இருக்கையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. வண்டி நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் ஏச்சு மட்டுமே கிடைத்தது.

அடுத்து ஏற்றம். ஆற்றூருக்கு அருகே ஆள்நடமாட்டம் குறைந்த ஒரு சரிவுச் சாலையில்தான் உண்மையான பயிற்சி தொடங்குகிறது. கை பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டுக்கொண்டே வரும்போது ஒரு நிலையில் எஞ்சினின் ஒலி மாறி வண்டியின் முன்பகுதி சற்று எழும். அந்த நிலையில் காலை அப்படியே நிறுத்தி, ஆக்சிலேட்டரை அளவாகக் கொடுத்து, கை பிரேக்கை விடுவித்தால் வண்டி பின்னால் நகராமல் மேலேறும். எழுத்தில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் இதைக் கால் உணர்வதற்கு வெகுநேரம் ஆகிறது. வண்டி பின்னால் உருண்ட பொழுதெல்லாம் டீச்சர் தம் பிரேக்கை உடனே மிதிக்காமல், நாமே திருத்திக்கொள்ள ஒரு கணம் விட்டு, தேவைப்பட்டால் மட்டும் மிதிப்பார். ‘பேடிக்காத (பயப்படாதே) மக்ளே, வண்டி உன் காலுக்குத்தான் கட்டுப்பட்டது’ என்பார். அந்த ஒரு கணம் விட்டுப் பார்க்கும் பொறுமையே அவரது கற்பித்தலின் உயிர் என்று எனக்குத் தோன்றியது. ஹாஃப் கிளட்ச்சிலேயே, அதாவது கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்ட நிலையிலேயே, வண்டியை ஏற்றத்தில் தாங்கி நிறுத்தும் வழக்கம் நம் பகுதியில் மிகுதி. அது கிளட்ச் தட்டை விரைவில் தேய்த்துவிடும் என்று சொல்லி, அந்தப் பழக்கம் ஒட்டாதபடி தொடக்கத்திலேயே தடுத்துவிடுகிறார்கள்.

தேர்வுக்கான பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருசக்கர வாகனத்துக்கு எட்டுப் போடுவதும், காருக்கு எச் வடிவில் பின்னோக்கி எடுப்பதும் எல்லாப் பள்ளிகளிலும் சொல்லித் தருபவைதாம். எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும் என்பதையும், அதைப் பெற்று 30 நாள் கழித்தே நிரந்தர உரிமத் தேர்வுக்குச் செல்ல முடியும் என்பதையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லி, இணைய விண்ணப்பத்தை மாணவிகளே தங்கள் கையால் நிரப்பும்படி செய்கிறார்கள். மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் உடன் வருகிறார்கள். ஆனால் வரிசையில் நிற்பதும் கேள்விக்குப் பதில் சொல்வதும் நம் பொறுப்பு. எல்லாவற்றையும் தாமே முடித்துத் தரும் பள்ளிகளைத் தேடுபவர்களுக்கு இது குறையாகப் படலாம். என் மகளைப் போன்றவர்களுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் தனியாக நின்று காரியம் முடிக்கும் தைரியம் இங்கேதான் கிடைத்தது.

காத்திருப்பு அறையின் சுவரைப் பற்றி ஓரளவு விரிவாகவே எழுத வேண்டும். போக்குவரத்துச் சின்னங்கள் அச்சிட்ட பலகைக்கு எதிர்ப்புறத்தில் சில பெண்களின் படங்கள் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கின்றன. திரைக் கலைஞர்களோ வெளிநாட்டுத் தலைவர்களோ அவற்றில் இல்லை. எல்லோரும் இம்மாவட்டத்தில் பிறந்தவர்கள், அல்லது இந்த மண்ணுக்கு ஏதேனும் செய்தவர்கள். நடுவில் வசந்தகுமாரி. அவருக்கு இடப்புறம் லூர்தம்மாள் சைமன். 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி தமிழகத்தோடு இணைந்தபின் நடந்த முதல் பொதுத்தேர்தலில், 1957-இல், குளச்சல் தொகுதியில் வென்று காமராசரின் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை அமைச்சரானவர் அவர். கடற்கரையின் மகள் ஒருவர், எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில் ஒரே பெண்ணாக அமர்ந்திருந்தார் என்பதை எண்ணுந்தோறும் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. அடுத்து, மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டு, லண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனவர். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமைந்ததும் அவருடைய முயற்சியால்தான்.

வலது ஓரத்தில் இருப்பது இளம்பெண்கள் அதிக நேரம் நின்று பார்க்கும் படம்: கடையாலுமூட்டைச் சேர்ந்த தடகள வீராங்கனை சமீஹா பர்வீன். செவித்திறன் குறைந்தோருக்கான உலகத் தடகளப் போட்டி 2021-இல் போலந்தில் நடந்தபோது, தகுதி பெற்றிருந்தும், பெண்களில் அவர் ஒருவர்தான் என்ற காரணத்தால் அணியில் சேர்க்கப்படவில்லை. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி, நீதிமன்ற ஆணையோடு போலந்துக்குச் சென்று போட்டியில் கலந்துகொண்டார். கடையாலுமூடு இந்தப் பள்ளியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கிறது. என் மகளோடு பயின்ற ஒரு மாணவி, ‘ஒரே ஒரு பொண்ணுன்னா அனுப்ப மாட்டாங்களா?’ என்று கேட்க, அதிலிருந்து அன்று அந்த அறையில் எழுந்த உரையாடல் எந்த வகுப்பறையிலும் நான் கேட்காதது. வீட்டில் ஸ்கூட்டர் வாங்கித் தர மறுக்கும் அண்ணனைப் பற்றியும், இரவு வேலைக்குத் தனியாகப் போகக் கூடாது என்னும் மாமியாரைப் பற்றியும் அவர்கள் மனந்திறந்து பேசினார்கள். டீச்சர் நடுவில் புகுந்து அறிவுரை சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த மாணவியைப் பெயர் சொல்லி அழைத்தார்.

அந்தச் சுவரில் ஒரு விடுபடல் இருக்கிறது. தோளில் சீலை அணியும் உரிமைக்காக இதே தென்திருவிதாங்கூர்ச் சந்தைகளிலும் சாலைகளிலும் அடியும் அவமானமும் ஏற்று, 1859-ஆம் ஆண்டின் அரச ஆணைவரை விட்டுக்கொடுக்காமல் நின்ற நம் பாட்டிமார்களுக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்கு ஒளிப்படம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் எழுத்தால் ஒரு பலகையேனும் வைக்கலாம் என்று டீச்சரிடம் சொன்னேன். வாசகத்தை எழுதித் தரும்படி என்னிடமே கேட்டுக்கொண்டார். படங்களின் கீழே பெயர் மட்டும் இருப்பதும் போதாது. ஆண்டும் ஊரும் செயலும் இரண்டு வரிகளில் இருந்தால், காத்திருக்கும் பெண் தானே படித்துத் தெரிந்துகொள்வாள்.

பள்ளியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கார் ஒன்றுதான் இருப்பதால் காலை நேர வகுப்புக்குப் பலர் காத்திருக்க நேர்கிறது. அந்த வண்டி பழுதுபார்க்கச் சென்றால் எல்லோருடைய வகுப்பும் தள்ளிப் போகிறது. தேசிய நெடுஞ்சாலைப் பயிற்சி மிகவும் பின்னால்தான் வருகிறது. களியக்காவிளைச் சாலையில் டாரஸ் லாரிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது முந்தாமல் இருப்பது என்பதற்கு இன்னும் சில வகுப்புகள் ஒதுக்கியிருக்கலாம். இரவுப் பயிற்சி அறவே இல்லை. மருத்துவமனைகளிலும் கடைகளிலும் வேலை முடிந்து இருட்டியபின் திரும்பும் பெண்களுக்கு அதுவே முதல் தேவை. கட்டணம் சுற்றுவட்டாரப் பள்ளிகளைவிடச் சற்றுக் கூடுதல். ஆனால் தவணையாகச் செலுத்தலாம். முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்கள் சிலர் அவ்வாறு வாரக் கூலியிலிருந்து கட்டிப் பயில்வதைக் கண்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கனரக வாகனப் பயிற்சி இல்லாததுதான். பேருந்து ஓட்டிய வசந்தகுமாரியின் படத்தைச் சுவரின் நடுவில் மாட்டியிருக்கும் பள்ளி, கார் உரிமத்தோடு தன் பெண்களை நிறுத்திக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்து, இருபது வயது நிரம்பிய எவரும் போக்குவரத்து வாகன உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. என் மகளோடு பயின்றவர்களில் குறைந்தது ஒருத்தியேனும் பேருந்து ஓட்ட விரும்பினாள். அவளுக்கு வழிகாட்ட இந்தப் பகுதியில் பெண் பயிற்றுநர் எவரும் என் கண்ணில் படவில்லை. கனரக வாகனம் வாங்கும் முதலீடு ஒரு சிறு பள்ளிக்குப் பெருஞ்சுமை என்பதை நான் அறிவேன். மகளிர் குழுக் கடன் மூலமோ, ஏற்கெனவே வாகனம் வைத்திருக்கும் பெரிய பள்ளியொன்றோடு இணைந்தோ அதற்கு வழி தேட வேண்டும் என்று டீச்சரிடம் வலியுறுத்தினேன். தம் உதவிப் பயிற்றுநர்களில் ஒருவரைக் கனரக உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருப்பதாக அவர் கூறினார்.

சேர விரும்புபவர்கள் கல்லூரி விடுமுறை மாதங்களைத் தவிர்த்துச் செல்வது நல்லது. மற்ற மாதங்களில் காருக்கான காத்திருப்பு குறைவு. வயது ஒரு தடையன்று. என்னைவிட மூத்தவர்களும் அங்கே பயின்றார்கள். முதல் நாளே டீச்சரிடம், ஏற்றப் பயிற்சியைப் போலவே நெடுஞ்சாலைப் பயிற்சிக்கும் கூடுதல் வகுப்புகள் வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டவர்களுக்கு அவர் மறுத்ததில்லை.