பெட்டியில் 'எக்ஸ்டெண்டட்' என்று இருக்கும், உள்ளே இருக்காது

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று படங்களின் எக்ஸ்டெண்டட் (தியேட்டரில் வராத காட்சிகள் சேர்த்து நீட்டிய பதிப்பு) ப்ளூ-ரே, சீல் பிரிக்காதது என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு பாக்ஸ் செட்டில் இருந்தவை மூன்றே டிஸ்க், படத்துக்கு ஒன்று. அட்டை அச்சு அசல் மாதிரியே. விற்றவரைக் கேட்டால், "எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல அடக்கின புதுப் பதிப்பு சார்" என்று பதில். சுத்தப் பொய். ப்ளூ-ரேயிலும் சரி, 4கே-யிலும் சரி, எக்ஸ்டெண்டட் படம் ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்.

அடக்கினால் என்ன ஆகும்? மூன்றாம் படம் 263 நிமிடம். அதை 25 ஜிபி டிஸ்க்கில் திணித்தால் படம், ஒலி எல்லாம் சேர்த்து நொடிக்கு 13 மெகாபிட்கூடத் தேறாது. ராட்சத சிலந்தி ஷீலாப் வரும் குகை இருட்டில் கருப்பு கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் ட்ரைவில் போட்டு டிஸ்க் வகையைக் காட்டும் இம்ஜ்பர்ன் மாதிரி ஒரு மென்பொருளில் பாருங்கள். அசல் என்றால் 'பிடி-ராம்' (BD-ROM, தொழிற்சாலையில் அச்சிட்டது) என்று காட்டும். 'பிடி-ஆர்' (BD-R, காலி டிஸ்க்கில் எழுதியது) என்று வந்தால் யாரோ வீட்டில் பதிவு செய்தது. அடிப்பக்க நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொரு வகை ஏமாற்று, டிஸ்க் அசலாகவே இருக்கும், பதிப்புதான் வேறு. 2010-ல் வந்த ப்ளூ-ரே தியேட்டர் பதிப்பு. எக்ஸ்டெண்டட் ப்ளூ-ரே 2011-ல்தான் வந்தது. தியேட்டர் நீளம் 178, 179, 201 நிமிடம். எக்ஸ்டெண்டட் ப்ளூ-ரே 228, 235, 263. டிவிடி-யில் 208, 223, 251 என்று போட்டிருந்தால் பதற வேண்டாம். கடைசியில் நீளமாக ஓடும் ரசிகர் மன்றப் பெயர்ப்பட்டியலைக் கணக்கில் சேர்ப்பதும் விடுவதும்தான் வித்தியாசம். பால் (PAL) என்னும் டிவி முறைக்கான டிவிடி நொடிக்கு 24-க்குப் பதில் 25 ஃப்ரேம் ஓடுவதால் இன்னும் நாலு சதவீதம் குறையும்.

நிமிடம் பார்க்கப் பொறுமை இல்லையா? முதல் படத்தைப் போடுங்கள். முன்கதை முடிந்ததும் கிழவர் பில்போ உட்கார்ந்து ஹாபிட்கள் என்னும் குள்ள இனத்தைப் பற்றி எழுதினால் எக்ஸ்டெண்டட். நேராக நாயகன் ஃப்ரோடோ இருக்கும் மரத்தடிக்குப் போனால் தியேட்டர். மூன்றாம் படத்தில் வில்லன் மந்திரவாதி சாருமான் தலையே காட்டவில்லை என்றால் அதுவும் தியேட்டர்தான்.

2011 செட்டை '15 ப்ளூ-ரே' என்று விற்பதும் நடக்கிறது. 6 ப்ளூ-ரே, மீதி 9 டிவிடி. கூடுதல் ஆவணப்படங்கள் எல்லாம் அந்த டிவிடி-களில்தான், ஆகவே பழைய செட் வாங்கும்போது ஒன்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். அதே செட்டில் முதல் படம் முழுக்கப் பச்சை பூசினாற்போல் இருக்கும். பனிமலைக் காட்சியில் நன்றாகத் தெரியும். அது போலி அல்ல, அசலே அப்படித்தான் (எரிச்சலான விஷயம்தான்).

2020-ல் வந்த 4கே செட்டில் 9 டிஸ்க். இரண்டு பதிப்பும் உண்டு, ஆவணப்படம் ஒன்றுகூடக் கிடையாது. சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடவும் ஓடாது. 'எல்லா எக்ஸ்ட்ராவும் உண்டு' என்று இதைத் தள்ளிவிடுபவரிடம் ஒவ்வொரு டிஸ்க்கின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.