அக்கிலிஸ் வலிக்கு நான் போகும் பிசியோ கிளினிக்: தாராளமாகப் போகலாம்

குதிகாலுக்கு மேலே அக்கிலிஸ் தசைநாணில் மாதக்கணக்கில் வலி இருப்பவர்கள் பிஆர்பி ஊசிக்கு (நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்தெடுத்து வலிக்கும் இடத்தில் போடுவது) பணம் கட்டும் முன் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். இந்த கிளினிக்கில் ஊசி, மெஷின் என்று எதையும் நம் தலையில் கட்டுவதில்லை. படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சிதான் முக்கியம், 1998-இல் ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் குழு சோதித்த அதே முறை: 15 தடவை வீதம் 3 செட், முழங்காலை நீட்டி ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை, தினம் இரண்டு வேளை, 12 வாரம். அது வெறும் 15 பேரிடம் நடந்த ஆய்வு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்ததும் இல்லை என்பதையும் கிளினிக்கில் அவர்களே சொல்லிவிடுகிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

சரி, பிஆர்பி? 2010-இல் நெதர்லாந்தில் 54 பேரிடம் உப்புநீர் ஊசியோடும், 2021-இல் பிரிட்டனில் 240 பேரிடம் மருந்து எதுவும் செலுத்தாத போலி ஊசியோடும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு விலை கொடுத்து எதற்கு?

மாலையில் கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும். தினம் இரண்டு வேளை முடியாதவர்கள் வாரம் மூன்று நாள் எடை வைத்துச் செய்யும் முறையைக் கேளுங்கள், 2015-இல் டென்மார்க் ஆய்வில் அதற்கும் இதே அளவு பலன் கிடைத்தது.