பழைய ஜப்பான் கார் எடுக்க முதல் எர்த்தைப் பாருங்கள்

முள்ளியவளையில் இருக்கும் ஒரு தம்பி போன கிழமை கேட்டார்: "அண்ணை, உங்கட காரைப் போல ஒண்டு வவுனியாவில விலைக்கு நிக்குது. எடுக்கலாமோ? நீங்கள் கனகாலமா வைச்சிருக்கிறியள்தானே." இரண்டு வரியில் பதில் சொல்ல ஏலாது. காரைப் பற்றிக் கேட்டால் ஒரு பதில். அதன் பொனெற்றுக்குள் இதுவரை யார் யார் கை வைத்தார்கள் என்று கேட்டால் வேறு பதில். அந்த இரண்டாவது பதில் பெரும்பாலும் எர்த்தைப் பற்றியது, அதாவது எஞ்சினையும் காரின் பொடியையும் (தகட்டு உடம்பையும்) பற்றரி மைனஸோடு சேர்க்கிற இணைப்பைப் பற்றியது.

கார் என்னவென்று அவருக்குத் தெரியும். 1999 மொடல், 1500 சீசீ பெற்றோல், ஓட்டோ கியர். நல்லதை முதலே சொல்லிவிட வேண்டும், கோபத்தில் எழுதத் தொடங்கினால் அது விடுபட்டுப்போகும். எஞ்சின் ஒயில் குடிக்காது. கியர் மாறுவது காலுக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகிறபோது, ஏசியை இரண்டில் வைத்தாலே பின் சீற்றில் இருக்கிற அம்மா சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொள்வா. இருபத்தைந்து வருசம் தாண்டிய ஏசி அது. கம்பிரசரைக் கழற்றவே இல்லை. இந்தக் காரைச் செய்தவர்கள் மனச்சுத்தியோடு செய்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி வருத்தங்கள். 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடு நின்ற நேரம் இதுவும் வேம்புக்குக் கீழ் நின்றது. கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் அடிக்கிற முறை வந்து கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆன பிறகுதான் மறுபடி உருண்டது. எலி ரேடியேற்றர் ஃபானுக்குப் போகிற வயரைக் கடித்திருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த பழுது, ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாதவைதான் ஆளை வாட்டின. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்ராட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். இரவில் ஹெட்லைற்றைப் போட்டால் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஹீற் முள்ளு மேலே ஏறும், லைற்றை நிப்பாட்டினால் தானாக இறங்கும். அக்சிலரேற்றர் வரவர இறுகிக்கொண்டு போனது. புதுப் பற்றரி ஒரு வருசம் தாங்கவில்லை. பெற்றோல் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடினால் பெரிய விசயம். கியரை 'டீ'யில் (டிரைவில்) போட்டால் முன்னுக்கு 'டக்' என்று ஓர் அடி.

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கராஜில் ஒவ்வொரு மருந்து கிடைத்தது. ஸ்ராட்டருக்குப் பிரஷ் மாற்றினார்கள். சார்ஜ் குறைவு என்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எஞ்சின் ஓடும்போது மின்சாரம் ஆக்குகிற ஓல்ரனேற்றர், பழையது ஒன்று, பஸ் பார்சலில் வந்தது. ஹீற் முள்ளு ஏறுகிறது என்றபோது சென்சரை மாற்றினார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றதும் தேர்மோஸ்ரற்றை (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் மறிக்கிற வால்வை) கழற்றி எறிந்துவிட்டு, "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்றார்கள். அக்சிலரேற்றர் கேபிளுக்கு முதலில் கிறீஸ், பிறகு புதுக் கேபிள். அந்தப் புதுக் கேபிளும் இறுகியது. இவ்வளவு வேலையிலும் ஒருவராவது ஒரு மீற்றரை எடுத்துப் பிடித்துப் பார்த்திருப்பாரா? ஒருவரும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

கடைசியில் பரந்தன் பக்கம் வயரிங் வேலை செய்கிற ஓர் ஐயாவிடம் போனேன். அவர் பொனெற்றைத் திறந்து எதையும் கழற்றவில்லை. மல்ரிமீற்றரை டீசீ 20 இல் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸ் ஈயக் குமிழிலேயே வைத்தார். மேலே பூட்டியிருக்கும் கிளிப்பில் வைக்கவில்லை, குமிழில்தான். சிவப்பு முனையை எஞ்சின் புளொக்கில் துருவில்லாத ஒரு போல்ற் தலையில் அழுத்தினார். "தம்பி, சாவியைத் திருப்பும்" என்றார். ஸ்ராட்டர் சுற்றும்போது மீற்றர் 2 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. "இந்த ரண்டு புள்ளிக்கும் நடுவில 0.2க்கு மேல காட்டக்கூடாது. அரை வோல்ற் எண்டாலே பிழை. உமக்கு ரண்டு போகுது" என்று சொல்லிவிட்டு ரோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே குனிந்தார்.

பற்றரி மைனஸில் இருந்து, எஞ்சினோடு பூட்டியிருக்கும் கியர்பொக்ஸுக்குப் போக வேண்டிய தடித்த எர்த் கேபிள் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக வீட்டு வயரிங்கில் பிளக் பொயின்ற்றுக்கு இழுக்கிற மெல்லிய 2.5 வயர் ஒன்று. நுனியில் லக் (போல்ற்றில் பூட்டுகிற உலோகக் காது) இல்லை, செம்பை முறுக்கிப் போல்ற்றுக்குக் கீழே அமத்தியிருந்தார்கள். செம்பு பச்சை பூத்துத் தூளாய் உதிர்ந்தது. நடுவில் ஒரு முடிச்சு, அதன்மேல் கறுப்பு ரேப். எஞ்சினில் இருந்து காரின் பொடிக்கு வருகிற பின்னல் எர்த் பட்டியும் பாதி அறுந்திருந்தது. மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் நந்திக்கடல் தண்ணீர் ஓடுகிற நாட்களில் அந்தப் பக்கம் போய்வந்த வாகனத்தின் அடிப்பக்கத்தை உப்பு விட்டுவைக்காது.

சின்ன எஞ்சினின் ஸ்ராட்டர் கூட 100 அம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு மின்சாரமும் எஞ்சினில் இருந்து பற்றரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வழி ஒடுங்கினால் வேறு வழி தேடும். அது தேடிப்பிடித்த வழி அக்சிலரேற்றர் கேபிள். அதன் வெளி உறை இரும்பு, ஒரு முனை எஞ்சினில், மறுமுனை பொடியில். ஒவ்வொரு காலையும் ஸ்ராட் பண்ணும்போது அந்த உறை சூடேறி உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் உருகியிருக்கிறது. ஐயா கழற்றித் தந்த பழைய கேபிளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வளைகிற இடத்தில் உள்குழாய் உருகி இழையோடு ஒட்டிக் கிடக்கிறது. கிறீஸ் போட்டால் அது எப்படி இளகும்?

ஹீற் முள்ளின் கதையும் இதுதான். ஹெட்லைற் எரிகிற மின்சாரம் பொடி வழியாக வந்து எஞ்சினில் இருக்கிற ஓல்ரனேற்றருக்குத் திரும்பவேண்டும். அந்த இணைப்புக் கெட்டிருந்தால் பொடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு வோல்ற், ஒன்றரை வோல்ற் வித்தியாசம் நிற்கும். சென்சர் எஞ்சினில், முள்ளு பொடிப் பக்கத்தில். அந்த வித்தியாசத்தை முள்ளு சூடென்று காட்டும். தண்ணீர் கொதிக்கவே இல்லை. கொதிக்காத தண்ணீருக்காகக் கழற்றியதுதான் தேர்மோஸ்ரற். அது 82 பாகையில் திறக்கிற சாமான். இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே கனநேரம் எடுக்கும், அதுவரை காரின் கொம்பியூட்டர் குளிர் எஞ்சின் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். லீற்றருக்கு எட்டு ஓடியதன் காரணம் அங்கே இருந்தது. பற்றரி செத்ததும் இதனால்தான். ஓல்ரனேற்றரின் உடம்பில் வைத்து அளந்தால் 14.2, பற்றரியின் இரண்டு குமிழிலும் வைத்து அளந்தால் 13 கூட இல்லை. வருசம் முழுக்க அரைவயிற்றோடு கிடந்த பற்றரி அது. மாற்றிய ஓல்ரனேற்றரில் ஒரு பிழையும் இருந்ததில்லை.

நல்ல கேபிள் ஏன் முதலில் அறுந்தது என்றும் ஐயா விடாமல் பார்த்தார், அதுதான் அவருடைய பெரிய குணம். என்னை 'டீ'யில் போட்டுப் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு முன்னால் நின்று பார்த்தார். எஞ்சின் ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. எஞ்சினைத் தாங்குகிற முன் மவுண்டின் ரப்பர் பிளந்து கிடந்தது. அந்த 'டக்' அதுதான். எஞ்சின் ஒவ்வொரு தரமும் ஆட ஆட, கேபிளின் இழைகள் லக் பக்கத்தில் ஒவ்வொன்றாக அறுந்திருக்க வேண்டும். மெக்கானிக் வேலை தனி, வயரிங் வேலை தனி என்று இரண்டு கராஜுக்கு அலைந்துகொண்டிருந்தேன். ரப்பர் கிழிந்ததில் கேபிள் அறுந்தது, கேபிள் அறுந்ததில் அக்சிலரேற்றர் இறுகியது. இதில் எதை வயரிங் என்பது, எதை மெக்கானிக் என்பது?

தடித்த கேபிள் இரண்டு பக்கமும் லக் அடித்து, பெயின்ற்றைச் சுரண்டிப் பூட்டி, மேலே வஸ்லீன் பூசினார். மவுண்ட் வவுனியாவில் கிடைத்தது. தேர்மோஸ்ரற் திரும்ப ஏறியது. மறுபடி அளந்தபோது ஸ்ராட்டர் சுற்றுகிற நேரம் 0.15. இப்போது ஏ9 வீதியில் லீற்றருக்குப் பன்னிரண்டு ஓடுகிறது. முழுச் செலவும் அந்தத் தேவையில்லாத ஓல்ரனேற்றரின் விலைக்குக் கிட்டவும் வரவில்லை.

2.5 வயரைப் போட்டவர் யாரென்று தெரியாது, என்னிடம் வரமுதலே போட்டிருக்கலாம். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது, உதிரிப்பாகம் வராது, பெற்றோல் வராது. மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. கிடைத்த வயரை முறுக்கி, கிடைத்த ரப்பரைச் சுத்தி, காயப்பட்ட ஆட்களை ஏற்றிப்போன வாகனங்களை ஓடவைத்தவர்கள் எங்களுடைய மெக்கானிக்மார். அந்தக் கைகளைக் கும்பிடவேண்டும். ஆனால் 2009க்குப் பிறகு ஏ9 திறந்து, லக்கும் கேபிளும் சந்திக்குச் சந்தி கடையில் தொங்குகிற காலத்திலும் அதே முறுக்கு, அதே கறுப்பு ரேப் என்றால் அதை எப்படிப் பொறுப்பது? இப்போது அது கஷ்டத்தில் செய்கிற வேலை இல்லை. அளந்து பார்க்கப் பஞ்சிப்பட்டுச் செய்கிற வேலை.

மற்றப் பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிரவல் றோட்டு சில்லுப் பக்கத்து லோவர் ஆம் புஷ்ஷையும் ஸ்ரபிலைசர் லிங்கையும் தின்னும், அதில் காரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடது முன் சில்லின் பெயரிங் சத்தம் போட்டது. வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் இடது பெயரிங் என்று பிடிக்கலாம். அறுவடைக் காலத்தில் ரேடியேற்றரின் முன்னால் பதரும் தூசியும் அடைக்கும், தண்ணீரைப் பின்பக்கமிருந்து மெதுவாக அடித்துக் கழுவவேண்டும். இன்னும் தீராத ஒன்று இருக்கிறது: மழை நாளில் பிரேக் மிதித்தால் பின் சிக்னலும் மங்கலாக எரிகிறது. அதுவும் எர்த்தான், பின் லைற்றின் சொக்கற்றில். புதுச் சொக்கற்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். என் காரை நான் விற்கமாட்டேன். அந்த வவுனியாக் காரை நீர் எடுக்கவேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றது, 2025 மாசியில்தான் திறந்தது. இடையில் பழைய கார்களுக்கு ஏறிய விலை, வரியோடு புதுசின் விலையைப் பார்க்கிறபோது இறங்க மனமில்லாமல் நிற்கிறது. அந்த விலையைக் கொடுத்து, வேறு ஆட்கள் முறுக்கிவிட்ட வயரையும் சேர்த்து வாங்கி, நான் பட்ட பாட்டை நீரும் படவேண்டாம். எனக்கு அலுத்துவிட்டது, உமக்கும் அலுக்கும்.

அப்படியும் மனம் கேட்காவிட்டால், போகும்போது மல்ரிமீற்றர் ஒன்று கொண்டுபோம். குமிழில் ஒன்று, புளொக்கில் ஒன்று, சாவியைத் திருப்பச் சொல்லும். ஹெட்லைற்றைப் போட்டு முள்ளைப் பாரும். பிரேக்கைப் பிடித்து 'டீ'யில் போட்டு எஞ்சின் எழும்புதோ என்று பாரும். தேர்மோஸ்ரற் இருக்கிறதா என்று நேரே கேளும். விற்கிறவர் பொனெற்றைத் திறக்கவே யோசித்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வாரும். மீற்றர் என்னிடம் இருக்கிறது, ஞாயிறு வந்தால் எடுத்துப்போகலாம்.