சென்னை–மதுரை 31 நிமிடமா? ஒரு வான்வழித் தூரக் கணிப்பான் குறித்த மதிப்புரை

இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் அவற்றுக்கு இடையிலான வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் இணையக் கணிப்பான்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சென்னை–மதுரை வழித்தடத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அது தரும் தூரத்தை நம்பலாம். நேரத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது.

கணிப்பான் காட்டிய தூரம் 420 கி.மீ. இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு நான் தனியே போட்ட கணக்கிலும் ஏறத்தாழ அதே விடைதான் கிடைத்தது. விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாகச் செல்லும் ரயில் பாதையோ 493 கி.மீ. நீளமுடையது.

பறக்கும் நேரம் 31 நிமிடம் என்று அது சொல்வதில்தான் சிக்கல். தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்ற ஒரே வேகத்தால் வகுத்த கணக்கு இது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் இத்தகைய குறுகிய தடத்தில் ஒரு ஜெட் விமானம் அந்த வேகத்தில் பறப்பது சிறிது நேரம் மட்டுமே. 30,000 அடி உயரத்திலிருந்து சீராக இறங்குவதற்கே சுமார் 170 கி.மீ. தேவைப்படுவதால், மேலே ஏறி முடித்த சற்று நேரத்திலேயே விமானி இறங்கத் தொடங்கிவிடுவார். பிராந்தியத் தடங்களில் ஓடும் ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் (சுழல்விசிறியால் இயங்கும்) விமானங்களின் வேகமோ மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் இருக்கும். போதாக்குறைக்கு, விமானங்கள் காற்றை எதிர்த்தே கிளம்பும் என்பதால், கிழக்குக் காற்று வீசும் நாட்களில் சென்னையில் விமானம் கடலை நோக்கிக் கிளம்பிய பிறகே தென்மேற்கே திரும்ப வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரத்தையும் சேர்த்துத்தான் விமான அட்டவணைகள் இந்தத் தடத்துக்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஒதுக்குகின்றன.

பயணிக்கு உண்மையில் செலவாகும் நேரம் இன்னும் அதிகம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர்வது, பாதுகாப்புச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பது, மதுரை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவது என எல்லாவற்றையும் கூட்டினால் நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ரயில் ஆறு மணி நேரத்துக்குள் மதுரையில் இறக்கிவிடும்போது, விமானத்தால் மிச்சமாகும் நேரம் கணிப்பான் நம்ப வைப்பதைவிட மிகக் குறைவு. (தட்கலிலும் ரயில் சீட்டுக் கிடைக்காதவருக்கு இந்த ஒப்பீடெல்லாம் தேவைப்படாது.)

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. சென்னை–திருநெல்வேலி என்று கொடுத்தால், அங்கே விமான நிலையம் இருப்பதுபோலவே அது தூரத்தையும் நேரத்தையும் காட்டுகிறது. நெல்லைக்குப் போகிறவர் தூத்துக்குடி மாவட்டத்தின் வாகைக்குளத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கி.மீ. சாலை வழியாகச் செல்ல வேண்டும் என்ற குறிப்பு எங்கும் இல்லை. விவரம் அறியாத வெளியூர்க்காரர் நிச்சயம் ஏமாந்துபோவார்.

சென்னை–டெல்லி போன்ற 1,760 கி.மீ. தடத்தில் இதே கணக்கு இவ்வளவு மோசமாகப் பிசகுவதில்லை, ஏனெனில் அங்கே விமானம் பெரும்பகுதி நேரத்தை முழு வேகத்தில்தான் கழிக்கிறது. விமான வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு வசதியையும், விமான நிலையம் இல்லாத ஊர்களுக்கு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கும் வரை, தமிழகத்துக்குள் பறப்பவர்கள் இதில் தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, நேரத்துக்கு விமான அட்டவணையையே நாடுவது நல்லது.